மைக்கைக் கையில் பிடிங்கப்பா!

செமஸ்டர் முடிந்துவிட்டது. ஆகவே அடியேன் மறுபடியும் ஆஜர் :-)

பி.காம் படிக்கிறவனுக்கும் மைக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாம் ப்ராஜெக்ட் செய்த வேலை. "சிறு வியாபாரிகளும் யுபிஐயும்" என்று தலைப்பு. வெறும் அறிக்கையாக எழுதாமல் தெருவில் பேட்டி எடுத்து வீடியோவாகக் கொடுக்கலாமே என்று யோசனை சொன்ன அதிமேதாவி நான்தான்.

முதல் நாள் பாரிமுனை. செல்போனில் இருக்கும் மைக்கே போதும் என்று கிளம்பினோம். ரூமுக்கு வந்து போட்டுப் பார்த்தால் பஸ் ஹாரன் துல்லியம், பழக்காரர் மட்டும் ஊமை. காரணம் சுலபம். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். கேமரா 6 அடியில் இருந்தது. அரை அடியில் மைக் வைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய குரலைவிட 21 டெசிபலுக்கு மேல் நஷ்டம். ஹாரனோ நாலா பக்கமும் இருந்து வருகிறது, அது குறைவதே இல்லை. விலை உயர்ந்த மைக்கைத் தூரத்தில் வைப்பதைவிட சாதாரண மைக்கை வாய் அருகே வைப்பது மேல். இது முதல் பாடம்.

அடுத்து, கேமரா மேல் மாட்டும் நீளமான ஷாட்கன் மைக். ஒரு சீனியரிடம் இரவல். முன்னால் இருப்பதை மட்டும் எடுக்கும் என்றார். நிஜம்தான். ஆனால் பேசுகிறவருக்குப் பின்னால் ஓடும் ஆட்டோவும் முன்னால்தானே இருக்கிறது!

மூன்றாவதாக, சட்டையில் குத்தும் வயர்லெஸ். 2019-ல் ரோட் கம்பெனி "வயர்லெஸ் கோ" என்று 31 கிராமில் ஒன்றை விட்டது. அதன் பிறகு அந்த மாதிரிச் சின்னப் பெட்டிகள் எல்லா விலையிலும் வந்துவிட்டன. எங்களுக்கும் ஒன்று கிடைத்தது. குரல் அருமை. இந்தப் பதிவே அதனால்தான்.

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பூக்காரம்மா. முன்பின் தெரியாத அம்மாவின் புடவையில் நாம் மைக் குத்துவது எப்படி? அவர் கையில் கொடுத்தோம், அவரே குத்திக்கொண்டார். "யுபிஐ வந்தது நல்லதுதான் தம்பி, சில்லறைத் தொல்லை இல்லை" என்று நாலு வரி பேசினார். நன்றி சொல்லி கேமராவைக் கீழே இறக்கினோம். மைக்கைக் கழற்ற நாங்களும் மறந்தோம், அவரும் மறந்தார். கட்டைவிரல் அளவுப் பொருள், யாருக்கு ஞாபகம் இருக்கும்?

பூ கட்டிக்கொண்டே என் நண்பனிடம் சொல்கிறார்: அந்தக் கணக்கு மகன் பேரில் இருக்கிறதாம். வருகிற பணத்தை அவன் குடித்துவிடுகிறானாம். "பெட்டி மட்டும் பணம் வந்துச்சு, பணம் வந்துச்சுன்னு கத்துது கண்ணு. நான் கண்ணால பார்த்ததில்ல."

அத்தனையும் பதிவாகிவிட்டது.

"மச்சான், இதுதான்டா நம்ம வீடியோவே" என்றான் நண்பன். அவன் கெட்டவன் இல்லை. சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எங்கள் ப்ராஜெக்ட் முழுவதையும்விட அந்த ஒரு வரி பெரிது. ஆனால் அதை அவர் எங்கள் வீடியோவுக்குச் சொல்லவில்லை. தன் பிள்ளை வயசுப் பையனிடம் சொன்னார். ராத்திரி இரண்டு மணி வரை சண்டை. கடைசியில் அழித்தோம். (இங்கே எழுதலாமா என்று மறுநாளே போய் நடந்ததைச் சொல்லிக் கேட்டேன். "பேரும் மூஞ்சியும் இல்லாம எழுதிக்கோ" என்றார்.)

தப்பு மைக்குடையது இல்லை, எங்களுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் கட்சி இதுதான்: தெருப் பேட்டிக்குக் கையில் பிடிக்கும் மைக்தான் சரி. கை நீண்டால் பேட்டி, இறங்கினால் முடிந்தது. இது ரோட்டில் போகிறவருக்குக்கூடப் புரியும். அதை வைத்தும் ஏமாற்றலாம், ஆனால் மெனக்கெட வேண்டும். சட்டை மைக்கில் மறந்தாலே போதும்.

"பெரிய மைக்கைப் பார்த்தால் ஜனங்கள் பயந்து டிவி தமிழ் பேசுவார்கள்" என்பார்கள். பேசட்டுமே. கேமரா முன்னால் ஜாக்கிரதையாக இருப்பது அவர்கள் உரிமை. முதலில் பூ விலையைக் கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் பயம் போய்விடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: டைனமிக் வகையில் ஆம்னி, அதாவது எல்லாப் பக்கமும் கேட்பது, பாருங்கள். நிருபர்கள் பிடிக்கும் எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ50 இந்த ரகம். கொஞ்சம் கோணல்மாணலாக நீட்டினாலும் குரல் விழும், காற்றுச் சத்தமும் குறைவு. 1966 முதல் வரும் ஷூர் எஸ்எம்58 பாடகர்களுக்கானது. ஒரு பக்கம் மட்டும் கேட்கும், வாய்க்கு நேராகப் பிடிக்க வேண்டும். டைனமிக்கை நேராகப் போனில் சொருகினால் சத்தம் பத்தாது, நடுவில் ஒரு சின்ன ரெக்கார்டர் வேண்டும். ஸ்பாஞ்ச் உறை கட்டாயம். ஒருவர் காதில் ஹெட்போனோடு நிற்பது அதைவிடக் கட்டாயம். மைக்கை எதிராளி கையில் கொடுத்துவிடாதீர்கள், திரும்ப வாங்குவது கஷ்டம் :-)

நாங்கள் மூன்று பேர் பங்கு போட்டு ரிச்சி தெருவில் பழைய மைக் ஒன்று வாங்கினோம். மீதிப் பேட்டிகள் அதில்தான்.

மதிப்பெண்? "கள ஆய்வில் ஆழம் போதவில்லை" என்று எழுதிக் குறைத்துவிட்டார்கள். ஆழம் எங்களிடம் இருந்தது சார். கொடுக்கத்தான் இல்லை.