கிரேன் நுழையாத சந்துக்கு என்ன வழி?



ஆண்டு மலர் என்றாலே காதல் கவிதையும் கண்ணீர்க் கவிதையும்தான் என்று ஆகிவிட்டது. ஒரு மாறுதலுக்குக் கொஞ்சம் சிமெண்ட் வாசனையோடு ஒரு கட்டுரை! சிவில்காரன் எழுதியது என்று மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன்.

நகரத்து ஏழைக்கு வீடு வேண்டும். செங்கல்லை ஒவ்வொன்றாக அடுக்கி, சென்ட்ரிங் அடித்து, பலகை பிரிக்கக் காத்திருந்தால் இந்த ஜென்மத்தில் தீராது. ஆகவே புதிய தொழில்நுட்பம் கொண்டு வா... இதுதான் மத்திய அரசின் கணக்கு. 2019இல் உலக அளவில் அழைப்பு விடுத்து 54 தொழில்நுட்பங்களைப் பட்டியல் போட்டார்கள். 2021 ஜனவரி 1 அன்று ஆறு ஊர்களில் ஒரே நேரத்தில் அடிக்கல். பெயர் 'லைட் ஹவுஸ்' திட்டம். ராஜ்கோட்டில் டன்னல் ஃபார்ம்வொர்க், லக்னோவில் பி.வி.சி. ஃபார்ம்வொர்க், இந்தூரில் சாண்ட்விச் பேனல், அகர்தலாவில் ஸ்டீல், ராஞ்சியில் அறையையே பெட்டி மாதிரி வார்த்து அடுக்கும் முறை. நம்ம சென்னைக்கு வந்தது ப்ரீகாஸ்ட். இடம் பெரும்பாக்கம்.

மொத்தம் 1152 வீடுகள். தரைத்தளமும் அதற்கு மேல் ஐந்து மாடியும். தூண், பீம், ஸ்லாப், படிக்கட்டு எல்லாவற்றையும் தனியாக வார்த்து வைத்துக்கொண்டு கிரேனால் தூக்கி நிறுத்தி இணைத்தார்கள். சுவருக்கு ஏ.ஏ.சி. பிளாக். 12 மாதத்தில் முடிப்பதாகப் பேச்சு. நடுவில் கொரோனா இரண்டாம் அலை வந்து படுத்தியது. 2022 மே 26 அன்று திறந்தார்கள். ஏறக்குறைய 17 மாதம்! ஆறு ஊரிலும் முதலில் முடிந்தது நம்முடையதுதான். இதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒரு சாதாரண அபார்ட்மெண்டே மூன்று வருஷம் இழுப்பதை நாம் பார்க்காததா?

ஆனால் செலவைப் பாருங்கள். 116 கோடி ரூபாய். 1152ஆல் வகுத்தால் வீட்டுக்குப் பத்து லட்சம். காலம் மிச்சம், சரி. காசு?

காசு எங்கே மிச்சமாகும் என்பது நம்ம எஸ்டிமேஷன் பேப்பரில் இரண்டு மார்க் கேள்விக்குச் சமம். ப்ரீகாஸ்ட்டில் பெரிய முதல், ஸ்டீல் மோல்டும் யார்டும் கிரேனும். அந்த முதலை எத்தனை உருப்படியால் வகுக்கிறோமோ அதுதான் விலை. ஒரே அளவு பீம் ஆயிரம் வார்த்தால் லாபம். பத்து வார்த்தால் திவால். ஆகவே இந்த டெக்னாலஜிக்கு ஆயிரம் வீடு ஒரே இடத்தில் வேண்டும். டிரெய்லர் திரும்ப அகல ரோடு வேண்டும். கிரேன் கை வீச வெட்டவெளி வேண்டும். அப்படிப்பட்ட காலி இடம் சென்னைக்குள் எங்கே சும்மா கிடக்கிறது? ஊருக்கு வெளியேதான். சென்ட்ரலிலிருந்து பெரும்பாக்கம் 25 கிலோமீட்டருக்குக் குறையாது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களை ஏற்கெனவே குடிவைத்த ஊர் அது. வீட்டு வேலைக்கும் மீன் வியாபாரத்துக்கும் ஊருக்குள் வந்து போக வேண்டிய அம்மாவுக்கு, கட்டடம் 17 மாதத்தில் முடிந்தாலென்ன, 27 மாதத்தில் முடிந்தாலென்ன? பஸ்ஸில் போகிற நேரத்தை எந்த கிரேனாலும் தூக்க முடியாது.

அதற்காகப் பழைய முறையே போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பழைய முறை மட்டும் என்ன வாழுதாம்? 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில், புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்ததைப் பார்த்தோம். ஐ.ஐ.டி.யை விட்டு ஆய்வு செய்ய வேண்டி வந்தது. அதே வருஷம் டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்பே வெளியேறியதால் உயிர் தப்பினார்கள். ஆக, புதுமை கட்டாயம் வேண்டும். ஆனால் புளியந்தோப்புச் சந்துக்குள் நுழைகிற புதுமையாக அது இருக்க வேண்டும். அப்போதுதான் இருக்கிற இடத்திலேயே குடும்பங்களை வைத்து வீட்டை மாற்றிக் கட்ட முடியும்.

அப்படி ஒன்று இருக்கிறதா? இருக்கிறது! ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய 'பிளாங்க் அண்ட் ஜாயிஸ்ட்' கூரை. ஒரு அடி அகலம், அதிகபட்சம் ஐந்தடி நீளமுள்ள கான்கிரீட் பலகை. கனம் ஓரத்தில் 3 செ.மீ., நடுவில் 6 செ.மீ. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எடை ஐம்பது கிலோ சொச்சம்தான். இரண்டு பேர் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நடந்துவிடலாம். சிறிய ஜாயிஸ்ட்களை வரிசையாக வைத்து, பலகைகளைப் பரப்பி, மேலே கம்பி போட்டு கான்கிரீட் ஊற்றினால் ஸ்லாப் முடிந்தது. முழு சென்ட்ரிங் தேவையில்லை. இதற்கு இந்தியத் தரநிர்ணயம் 1994லேயே வந்துவிட்டது. நம்மில் பாதிப்பேர் பிறப்பதற்கு முன்னால்!

பிறகு ஏன் தெருவுக்கு வரவில்லை? என் அபிப்பிராயத்தில் காரணம் இரண்டு. ஒன்று ரேட் ஷெட்யூல். அதில் இல்லாத ஐட்டத்துக்கு எந்த ஜே.ஈ.யும் எஸ்டிமேட் போடமாட்டார். நாளை ஆடிட்டில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே! புதிய முறைகள் சிலவற்றுக்கு மத்திய பொதுப்பணித்துறை விலைப்பட்டியல் கொண்டு வந்தது நல்ல காரியம். சின்ன முறைகளுக்கும் அதே மரியாதை மாநிலம்தோறும் கிடைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் நாம். ஆமாம், டிப்ளமோக்காரர்கள்தான். ப்ரீகாஸ்ட் பெரிதோ சிறிதோ, அதன் உயிர் இணைப்பில் இருக்கிறது. லண்டனில் ரோனன் பாயிண்ட் என்று 22 மாடிக் கட்டடம். 1968 மே 16 காலை, 18ஆவது மாடியில் ஒரு சமையல் கேஸ் வெடிப்பு. வெடித்தது ஒரு வீட்டில். பேனல் இணைப்புகள் பிடிக்காமல் ஒரு மூலை முழுக்க, மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கான்கிரீட்டில் ஸ்ட்ரென்த் இல்லாமலா? இணைப்பில்!

அந்த இணைப்பில் கிரவுட் முழுசாக இறங்கியதா, கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கப் போவது யார்? டிசைன் செய்த எம்.இ. படித்தவர் சைட்டுக்கு மாதம் ஒருமுறை வருவார். தினமும் நிற்பவன் சூப்பர்வைசர், அதாவது நீங்களும் நானும். கோடை விடுமுறையில் நான் டிரெய்னிங் போன சைட்டில் ஆறு வருஷ அனுபவமுள்ள ஒரு டிப்ளமோ அண்ணன் இருந்தார். தூக்குக்குண்டும் ரசமட்டமும் அவர் கையில் பேசும். கிரவுட்டைப் பற்றிக் கேட்டேன். "தம்பி, செல்போன்ல வீடியோ பார்த்துத்தான் நானே கத்துக்கிட்டேன். காலேஜ்ல ஒரு வரி எழுதி பாஸ் பண்ணேன், அவ்வளவுதான்" என்றார். கொத்தனார் நிலைமை இன்னும் மோசம், அவருக்கு அந்த ஒரு வரிகூட யாரும் சொல்லித் தருவதில்லை. அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் ஆகிற செலவில் ஒரு பங்கை இவர்கள் பயிற்சிக்குத் திருப்பினால் என்ன?

குடிவருகிற ஜனங்களையும் மறக்கக் கூடாது. டன்னல் ஃபார்ம்வொர்க் வீட்டில் சுவரே கான்கிரீட். ஃபேன் பாயிண்ட்டை மாற்ற உளியை வைத்தால் கட்டடத்தின் பலத்திலேயே கை வைத்ததாகும். சாவியைக் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டாமா? அதுவும் நம் வேலைதான்.

பேரவைக்கு ஒரு கோரிக்கை. ஒவ்வொரு வருஷமும் இண்டஸ்ட்ரியல் விசிட் என்ற பெயரில் மாமல்லபுரம் போய்ச் சிப்பி வாங்கி வருகிறோம். அடுத்த முறை பஸ்ஸைப் பெரும்பாக்கத்தில் அரைநாள் நிறுத்துங்கள். குடியிருப்பவர்களிடம் மழைக்காலத்தில் எந்த இணைப்பில் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் ஆணி இறங்கவில்லை என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். மூன்றாம் ஆண்டு புராஜெக்ட்டுக்கு நாங்கள் நான்கு பேர் ஒரு பிளாங்க் வார்த்து லேபில் லோடு டெஸ்ட் செய்வதாக முடிவெடுத்திருக்கிறோம். சிமெண்டும் ஜல்லியும் கம்பியும் எங்கள் பொறுப்பு. மோல்டுக்கு மூன்று மில்லிமீட்டர் தகடு வளைத்து வெல்டிங் செய்யத் தெரிந்த மெக்கானிக்கல் நண்பர்கள் சிவில் இரண்டாம் ஆண்டு வகுப்பில், மதிய இடைவேளையில் வந்து பார்க்கவும். டீ எங்கள் செலவு!