நத்தம் அளக்கப்படட்டும்

மும்பை ஹார்பர் பாதை வண்டியில் தாணே கழியைக் கடந்து வாசிக்கு அடுத்த நிலையத்தில் இறங்குவோரில் பலருக்குச் சான்பாடா என்பது செக்டார் எண்களும் அடுக்குமாடிகளும் பாம் பீச் சாலையுமே. அப்பெயருக்கு உரிய ஊர் அவ்வெண்களுக்கு நடுவே இன்றும் உயிரோடிருக்கிறது. மாநகரின் அருகே வளர்ந்துவரும் சிற்றூர் ஒன்றைக் காண விழைவோர் பன்வேலைத் தாண்டிப் போகவேண்டியதில்லை. பெருஞ்சாலையை விட்டு ஊர்ச்சந்துக்குள் திரும்பினாலே போதும்.

சந்தில் இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் அயல்வீட்டுப் படியேறி ஒதுங்க வேண்டும். ஓட்டுவீடு நின்ற மனையில் இன்று மூன்று நான்கு மாடிகள். மாடிக்கு ஏற வெளிச்சுவரை ஒட்டி இரும்புப் படி, அதன் அடியில் தண்ணீர் டிரம்கள், தலைக்குமேல் மின்கம்பிகளின் சிக்கல். கீழ்த்தளத்தில் வீட்டுக்குரியவர், மேலறைகளில் வாடகைக்குடிகள். துர்பே மொத்தச் சந்தையை நம்பிப் பிழைப்போர், கடைச் சிப்பந்திகள், ஓட்டுநர்கள் முதலியோர்க்கு இந்நகரம் கட்டித்தராத சிறு வீட்டை இவ்வூர்தான் கட்டித் தந்திருக்கிறது. அக்குடிகளில் தமிழரும் உளர்.

இந்நிலை தானே விளைந்ததன்று. நெருக்குண்ட பம்பாய்க்கு மாற்றாகக் கழிக்கு அப்பால் ஒரு புதுநகர் வேண்டுமென சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் ஆகிய மூவரும் 1960களின் நடுவில் முன்மொழிந்தனர். நவி மும்பை என்னும் அந்நகரை அமைக்க 1970 மார்ச்சில் மாநில அரசின் சிட்கோ நிறுவப்பட்டது. தாணே, ராய்காட் மாவட்டங்களைச் சேர்ந்த 95 ஊர்களின் நிலம், ஏறத்தாழ 344 சதுர கிலோமீட்டர், அத்திட்டத்துக்குள் அடங்கிற்று. நெல் விளைத்த ஆக்ரி உழவரின் வயலும் உப்பளமும் கையகப்படுத்தப்பட்டன. கோளி மீனவரின் கழிக்கரையும் நகரெல்லைக்குள் வந்தது. குடியிருந்த நத்தம் மட்டும் விடப்பட்டது.

இழப்பீடு போதாதென எழுந்த குரல் 1984 சனவரியில் உரண் வட்டாரத்து ஜாசாயில் போராக மூண்டது. விவசாயத் தொழிலாளர் கட்சியின் தி. பா. பாட்டீல் தலைமையில் திரண்டவர்மீது காவல்துறை சுட, இரு நாள்களில் உழவர் ஐவர் மாண்டனர். எடுத்த நிலத்தில் 12.5 விழுக்காட்டுக்கு ஈடாக மேம்படுத்திய மனை தரும் திட்டம் அவ்வுயிர்ப்பலியின் பயனே. அதிலும் பொதுவசதிக்கென 3.75 விழுக்காடு கழிந்து, உழவர் கைக்கு வந்தது 8.75. அம்மனைகளிலும் பல கட்டுமான முதலாளிகளிடம் போய்ச் சேர்ந்தன. பாட்டீலின் பெயரை நவி மும்பை விமான நிலையத்துக்கு இடக்கோரி 2021 ஜூனில் பேலாப்பூரில் பெருந்திரளாய் மக்கள் கூடினர். அவ்வுணர்ச்சியை மதிக்கிறோம். ஆயினும் பெயர்ப்பலகையில் கட்சிகள் காட்டிய ஆர்வத்தில் பாதியையேனும் மனை உரிமையில் காட்டியிருக்கலாகாதா?

இம்மனை உரிமை வழக்கின் வேர் நத்தத்தின் எல்லையில் இருக்கிறது. வயல் போன பின்னும் குடும்பம் பெருகும். மகனுக்குத் திருமணம் ஆனால் ஓர் அறை வேண்டும். ஊர் பெருகப் பெருக அதன் எல்லையை விரித்து வரைவது வருவாய்த்துறையின் கடன். அக்கடன் காலத்தில் ஆற்றப்படவில்லை. பழைய கோட்டுக்கு வெளியே, ஒருகாலத்தில் தம் பாட்டன் உழுத மண்ணிலேயே எழுப்பிய சுவர், ஏட்டில் ‘ஆக்கிரமிப்பு’ ஆயிற்று. வந்தேறிய நகரம் குடியானவனை ஆக்கிரமிப்பாளன் என்பது எவ்வகை நீதி?

நத்தம் பட்டா இன்னதென்று தமிழ்நாட்டு ஊர்ப்புறத்திலிருந்து வந்த நம்மவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நத்தம் நிலவரித் திட்டத்தில் வீடுவீடாக அளந்து, இன்னார் அனுபவம் இத்துணை எனப் பதிந்து, கையில் தாள் கொடுத்தார்கள். அத்தாள் இருந்ததால் வங்கி கடன் தந்தது, பங்காளி வழக்குத் தீர்ந்தது. தில்லியோ தன் ஊர்களைச் சுற்றி ‘லால் டோரா’ என்னும் சிவப்புக் கோட்டை இட்டுவிட்டு, உள்ளே விதிகளைத் தளர்த்தித் தன்போக்கில் விட்டது. விளைவு, காற்றும் ஒளியும் புகாத மாடிகள். சான்பாடாவுக்கு முன்னதே வழியாகும்.

நத்தத்தைச் சுற்றி 250 மீட்டர் வரையுள்ள வீடுகளின் அடிமனையை முறைப்படுத்த மாநில அரசு 2022இல் முடிவெடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் 250 மீட்டரை எங்கிருந்து அளப்பது? ஊரும் அரசும் ஒப்பிய எல்லைக்கல் நடாமல் தொலைவை மட்டும் அறிவித்தால், ஒவ்வொரு சுவரும் ஒரு வழக்காகும்.

ஊரார் செய்வதெல்லாம் சரியென்று நாம் வாதிடவில்லை. தீயணைப்பு வண்டி நுழையாத சந்தில் வாடகை ஆசையால் மேலும் ஒரு தளம் ஏற்றுவோர் அங்கே உறங்கும் ஏழையின் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். அவர்கள்மீது இரக்கம் காட்டலாகாது. ஆயினும் உரிமையை எழுதிக்கொடாத அரசு, கட்டட ஒழுங்கை எந்த முகத்தோடு கேட்கும்? உரிமை ஏடு இருந்தால்தான் ஊரான் கட்டட உரிமம் வாங்குவான். உரிமம் வாங்கினால்தான் பொறியாளன் சொல்லுக்குச் செவிசாய்ப்பான்.

காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம், பரந்தூர் விமான நிலையத் திட்டத்துக்கு எதிராக 2022 முதல் போராடிவருகிறது. நிலம் போனபின் ஊருக்கு என்ன நேரும் என அறிய அவ்வூரார் நவி மும்பையை ஒருமுறை வந்து பார்ப்பது நன்று. நிலம் எடுப்போரும் உடன் வரலாம்.

நவி மும்பை மாநகராட்சியும் சிட்கோவும் வருவாய்த்துறையும் ஒன்றுகூடி, பல மனைகளைச் சேர்த்துக் கட்டும் கூட்டுமறுகட்டுமானம் பற்றிப் பேசத் தொடங்குமுன், சான்பாடா நத்தத்தை வீடுவீடாக அளக்க வேண்டும். வரைபடத்தை ஊரின் பொதுவிடத்தில் மராத்தியில் ஒட்டி, ஆட்சேபம் கேட்க வேண்டும். அளவை ஏட்டில் வீட்டுக்குரியவர் பெயரோடு மேலறைக் குடியின் பெயரும் இடம்பெற வேண்டும். தாராவி மறுகட்டுமானத்தில் 2000 சனவரி 1 என்ற குடியிருப்புத் தேதி அங்கேயே இலவச வீடு பெறுவோரையும் பெறாதோரையும் எவ்வாறு பிரிக்கிறது என்பதை நம்மவர் அறிவர். சான்பாடாவின் வாடகைத் தமிழர் இன்றே தம் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்து வைக்கவேண்டும்; வீட்டுக்காரர் மறுப்பின், ஊரின் சங்கங்கள் நடுநின்று பேசவேண்டும்.