பத்துக் கோடா, பதினைந்து கோடா?

இரும்பை மாகாளேஸ்வரர் கோவிலுக்குப் போகிற வழியில் டீ குடித்துவிட்டு இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை நீட்டினேன். கடைக்காரர் இரண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஒன்று கல்லாவுக்குள் போனது. மற்றதை என் பக்கம் தள்ளி, "இது வாணாம்ணே. பதினஞ்சு கோடு போட்டது. பத்து கோடு இருந்தாத்தான் ஓடும்" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டிருக்கிறது. பத்து ரூபாய் நாணயத்தில் அதுவரை 14 வடிவங்கள் வந்திருக்கின்றன, அத்தனையும் செல்லும் என்று. ரூபாய்க் குறி வருவதற்கு முன்பு அடித்ததில் 15 கதிர், 2011-இல் நாணயத்தில் குறி வந்த பிறகு அடித்ததில் 10 கதிர். விஷயம் அவ்வளவுதான். எல்லாவற்றையும் நின்று சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதாண்ணே. நான் குடுத்தா பால்காரன் வாங்கணும்ல?" என்றார். இதற்கு ரிசர்வ் வங்கியாலேயே பதில் சொல்ல முடியாது.

இதைப் பற்றிக் காரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். மாவட்ட ஆட்சியருக்கு ஒரு வேண்டுகோள்கூட மனதில் தயாராக இருந்தது. ஆனால் அவர் நாணயத்தைப் பார்த்த விதம் எழுத விடாமல் குறுக்கே வந்துகொண்டே இருந்தது. ஓரத்தைக் கட்டைவிரலால் நெம்பி, சாய்த்து, ஒற்றைக் கண்ணை இடுக்கி, கோடுகளை எண்ணினார். இந்தப் பார்வையைப் பழகிக்கொள்ள இங்கிலாந்தில் ஆயுளைச் செலவழிக்கிற ஒரு கூட்டமே இருக்கிறது.

"ஐயோ, மறுபடியும் பென்னியா?" என்று சிலர் பக்கத்தைப் புரட்டுவது கேட்கிறது. ஆமாம், இங்கிலாந்தின் பழைய பென்னிக் காசுதான்.

என் மேஜையில் எப்போதும் கிடக்கும் புத்தகம் மைக்கேல் ஃப்ரீமன் எழுதியது; பிரிட்டனின் வெண்கல நாணயங்களைப் பற்றியது; 1970-இல் முதல் பதிப்பு வந்தது. நாவல் படிப்பதுபோல் அதைப் படிப்பேன் என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். 1860-இல் பென்னி செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாறியது. லியோனார்ட் சார்லஸ் வயன் செதுக்கிய, கொண்டை போட்ட இளம் விக்டோரியா ஒரு பக்கம்; கையில் திரிசூலத்தோடு உட்கார்ந்திருக்கும் பிரிட்டானியா மறுபக்கம். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே காசுதான். ஃப்ரீமனுக்கு அப்படியில்லை. முன்பக்க அச்சு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், பின்பக்க அச்சுக்கு ஓர் எழுத்து என்று கொடுத்து, எது எதோடு ஜோடி சேர்ந்தது என்று கணக்கு எழுதிவைத்திருக்கிறார். '6+ஜி' என்று அவர் எழுதினால் எனக்கு அது ஒரு கதாபாத்திரம்.

1860-இலேயே விளிம்பில் மணி கோத்ததுபோல் ஒரு வகை, பல் வரிசைபோல் இன்னொரு வகை. 1863-இல் சில காசுகளில் ஆண்டுக்குக் கீழே கண்ணுக்கு எட்டாத அளவில் அச்சின் எண் பொறித்திருக்கும். 1865 என்ற காசுகள் சிலவற்றில் ஐந்துக்கு அடியில் ஒரு மூன்று பதுங்கியிருக்கும். பழைய அச்சை வீணாக்க மனமில்லாத எவரோ மேலேயே புது எண்ணைத் தட்டிவிட்டார். 1902-இல் சில பென்னிகளில் பிரிட்டானியாவுக்குப் பின்னால் கடல் ஒரு நூல் தாழ்ந்திருக்கும். சேகரிப்பவர்கள் அதை 'லோ டைட்' என்பார்கள். என்னிடம் ஒன்று உண்டு. புதுச்சேரி ஞாயிற்றுச் சந்தையில் பிரெஞ்சு இந்தோசீனக் காசுகளுக்கு நடுவே கிடந்தது. கடலைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது, விற்றவருக்கு அது இரும்புக் கடைச் சரக்கு.

1971-இல் பழைய பென்னிக்கு ஓய்வு கொடுக்கும் முன்பு, அறுபதுகளில், அங்கே வங்கிக்குப் போய் மூட்டையாகப் பென்னி வாங்கி வருவார்களாம். வீட்டில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கட்டிவிடுவார்களாம். எல்லோருக்கும் 1933 மேல்தான் கண். அந்த ஆண்டு புதுப் பென்னி தேவைப்படவில்லை. அருங்காட்சியகத்துக்கும் கட்டடங்களின் அஸ்திவாரத்தில் வைக்கவும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அடித்தார்கள். லீட்ஸ் அருகே ஒரு தேவாலயத்தின் அஸ்திவாரத்தில் வைத்ததை 1970-இல் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு 1933 மேல் ஆசையில்லை. குவியலில் கிடக்காததை எதற்குத் தேடுவது? அந்த ஆசைதான் நம் ஊரில் 'டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய் நோட்டுக்கு லட்ச ரூபாய்' என்ற வீடியோக்களில் வந்து நிற்கிறது. தன் பெயரைச் சொல்லி இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரித்த பிறகும் எனக்கு வாரம் தவறாமல் யாராவது அனுப்புகிறார்கள். அனுப்பாதீர்கள்.

ஆங்கிலேயர் பொழுதுபோகாமல் நாணயத்தை உற்றுப் பார்த்தார்கள். நாம் பயந்து பார்த்தோம். வித்தியாசம் அதுதான். எங்கள் பக்கத்தில் இது நேற்று வந்த பழக்கமல்ல. 1736-இல் பிரெஞ்சு ஆளுநர் துய்மா ஆற்காட்டு நவாபிடம் அனுமதி வாங்கிப் புதுச்சேரியில் ஆற்காட்டு ரூபாய் அடிக்கத் தொடங்கினார். பிறகு சென்னையில் ஆங்கிலேயர் அடித்ததும் அதே ஆற்காட்டு ரூபாய்தான். இரண்டிலும் பாரசீக எழுத்து, முகலாயப் பேரரசரின் பெயர். புதுச்சேரிக் காசில் ஒரு பிறை, சென்னைக் காசில் ஒரு தாமரை. எங்கே அடித்தது என்று காசு மாற்றும் சராப்புக்குச் சொல்ல அந்தச் சின்னம் போதும். உரசி, தட்டி, சந்தேகம் வந்தால் உளியால் ஒரு குத்து குத்தி, அதற்கேற்ப வட்டம் என்று ஒரு கழிவு பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். ஆண்டு பழையது என்றாலும் வட்டம் உண்டு. இந்தத் தொல்லையை முறிக்க ஆண்டையே உறையவைப்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் வழக்கமாயிற்று. சென்னை தங்கசாலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடித்த ரூபாயிலும் ஹிஜ்ரி 1172 என்றே இருக்கும். அதாவது கி.பி. 1758-59. விக்டோரியா ரூபாயும் இப்படித்தான் பத்தாண்டுக்கு மேல் '1862' என்றே வந்துகொண்டிருந்தது. அதில் புள்ளிகளை எண்ணி எந்த ஆண்டுக் காசு என்று இன்றும் சண்டை போடுகிறார்கள்.

சந்தேகப் பார்வையின் உச்சம் 1911. ஐந்தாம் ஜார்ஜின் முதல் ரூபாய். உருவம் செதுக்கியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்ட்ரம் மெக்கென்னல். பென்னியில் இருந்த ஜார்ஜ் தலையும் அவர் கைவேலைதான். அது தடித்துப் போனதால் பிரிட்டானியா பக்கத்தில் ராஜாவின் தலை ஆவிபோல் நிழலாடியது. இங்கிலாந்துக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். 1926-இல்தான் உருவத்தைத் திருத்தினார்கள். பதினைந்து ஆண்டுப் பொறுமை!

நம்மவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை. ரூபாயில் ராஜாவின் அங்கிமேல் தொங்கும் சங்கிலியில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டை, கால்கள் குட்டை. எறும்பளவு கூட இல்லாத அந்த யானையை யாரோ உற்றுப் பார்த்து, "இது பன்றி" என்றார். கடைத்தெருவில் அது தீயாகப் பரவியது. சுமார் 94 லட்சம் ரூபாய் அடித்திருந்தார்கள். அதில் 7 லட்சம் அளவுக்குத்தான் வெளியே போயிருந்தது. மிச்சத்தை உருக்கிவிட்டு, 1912-க்குப் புது அச்சு செய்தார்கள். ஒரு சாம்ராஜ்யத்தின் நாணயச்சாலை, கோடு எண்ணுகிற நம் டீக்கடைக்காரரின் பாட்டன் பூட்டன்களிடம் தோற்றது. ஃப்ரீமன் வகையறாக்கள் பதிவுதான் செய்தார்கள். இவர்கள் அச்சையே மாற்ற வைத்தார்கள்.

1912 ரூபாய் ஒன்று என்னிடம் இருக்கிறது. யானைக்குத் தும்பிக்கையை நீட்டி, காதைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பல கோணத்தில் பார்த்துவிட்டேன். எனக்கு இப்போதும் அது கொஞ்சம் பன்றிதான்.