காந்தத்தில் ஒட்டும் கத்தி

காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்பது பாத்திரக் கடை ஏறிய எவரும் அறிந்த விதி. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் கத்தி வாங்க வருபவரும் அதே விதியைக் கையில் எடுத்தால் ஏமாந்துபோவார்.

பாத்திரத்துக்குரிய 304 வகை எஃகில் குரோமியத்தோடு ஏறத்தாழ 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. அதன் படிக அமைப்பு ஆஸ்டெனைட், காந்தம் ஒட்டாது. ஆனால் காய்ச்சிக் குளிர்வித்து அதைக் கடினமாக்க முடியாது. 440சி அப்படியன்று. 16 முதல் 18 விழுக்காடு குரோமியம், 1 விழுக்காட்டை ஒட்டிய கரிமம். 1,010 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சி விரைந்து குளிர்வித்தால் மார்ட்டென்சைட்டாக மாறி, ராக்வெல் சி அளவையில் 58-ஐத் தொடும். பேரிங்கும் வால்வு இருக்கையும் இதில் செய்யப்படுவது இதனால்தான். மார்ட்டென்சைட்டில் காந்தம் ஒட்டும். நல்ல கத்தியில் ஒட்டியே ஆகவேண்டும்.

இரண்டிலும் குரோமியம் ஏறக்குறைய ஒரே அளவு; அப்படியிருக்க 440சி ஏன் எளிதில் துருப்பிடிக்கிறது? வகை எண்களை ஒப்புவிக்கும் மாணவர் பலர் இங்கே தடுமாறுவர். கரிமம் குரோமியத்தின் ஒரு பகுதியைக் கார்பைடாகப் பிணைத்துக்கொள்கிறது. காப்புப் படலத்துக்கு எஞ்சுவது மீதிதான். கூர்மை நிலைப்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இந்தப் பேரத்தின் வரலாறு தென்னிந்தியாவைத் தொடுகிறது என்பதும் வகுப்பறையில் அரிதாகவே சொல்லப்படுகிறது. இங்கிருந்து சென்ற ஊட்ஸ் எஃகை ஸ்டோடார்ட்டும் ஃபாரடேயும் ஆராய்ந்தனர். அவ்வாய்வினால் தூண்டப்பட்ட பெர்த்தியே 1821-இல் குரோமியம் கலந்த எஃகில் கத்தி செய்து பார்த்தார். ஷெஃபீல்டில் பிரேர்லி 12.8 விழுக்காடு குரோமிய எஃகை உருக்கியது 1913-இல்.

ஆயினும் 440சி எல்லோருக்கும் உயர்ந்த எஃகு என்பது விளம்பரப் பேச்சு. கசாப்புக் கடையில் எலும்பின் மேல் விழும் வெட்டுக்கத்திக்குக் கடினத்தைவிட முறியாத தன்மையே முதன்மை. நாளுக்குப் பலமுறை தீட்ட வேண்டிய அலகு சாதாரணக் கல்லுக்கு இணங்கவும் வேண்டும். கறுத்துப்போன சாதாரணக் கரிம எஃகை விடாமல் வைத்திருப்பவரைப் பழமைவாதி எனச் சொல்வது உலோகவியல் அறியாதவர் பேச்சு.

குறை உற்பத்தியாளரிடம் உள்ளது. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் பொறித்த அலகு எதையும் சொல்லவில்லை. அது 420 ஆகவும் இருக்கலாம், 440சி ஆகவும் இருக்கலாம். வகையே தெரிந்தாலும், பதம் தவறிய 440சி சரியாகப் பதமிட்ட 420-க்குத் தோற்கும். வகை எண்ணும் கடின அளவும் அலகிலேயே பொறிக்கப்பட வேண்டும். அதற்கு அரை அங்குல இடம் போதும்.