பல்லுக்கும் ஒரு முகாம்



போன இதழில் பனங்கிழங்கைப் பற்றி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதியவர்கள் எழுதியவை. ருசியைச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர்தான். கடிக்கப் பல் இல்லையே என்று எழுதியவர்கள் நிறைய. முக்கூடல் பக்கத்து ஆச்சி ஒருவர், பேரன் நார் உரித்துக் கொடுத்த கிழங்கை வெற்றிலை உரலில் இடித்துத் தின்றதாக எழுதியிருந்தார். பல்செட் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டிருந்தோம். "இன்னும் எத்தனை வருசம் இருக்கப்போறேன், அதுக்கு எதுக்குய்யா அம்புட்டு ரூவா?" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் என்னை விடவில்லை. நம் அலுவலகம் இருக்கும் நெல்லை வண்ணார்பேட்டையில் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரிதான். அம்பை, களக்காடு, நாங்குநேரி, தென்காசி என்று எல்லாத் திசையிலிருந்தும் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். நெஞ்சு வலிக்கும் மூட்டு வலிக்கும் கடன் வாங்கியாவது செலவு செய்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பல் கிளினிக்குகளில் காட்சி வேறு. பேத்திக்குக் கிளிப் போடும்போது துணைக்கு வந்த தாத்தா, பொக்கை வாயோடு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உங்களுக்கும் பார்த்துவிடலாமா என்று அவரிடம் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. அவரும் கேட்க மாட்டார்.

பல் போனால் முதலில் தட்டு மாறுகிறது. சுண்டல், கடலை, கீரைத்தண்டு, கறி எல்லாம் ஒவ்வொன்றாக விலகிப்போய், கஞ்சியும் ரசஞ்சோறும் டீயில் நனைத்த பிஸ்கட்டும் மிஞ்சுகின்றன. சர்க்கரை நோய் உள்ளவருக்கு இதைவிடக் கெடுதலான சாப்பாடு வேண்டியதில்லை. பிறகு பேச்சு குழறுகிறது. கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகத் தயக்கம் வருகிறது. போட்டோ எடுக்கும்போது முந்தானை வாய்க்குப் போகிறது. வயசானால் இப்படித்தான் என்று வீடும் பழகிவிடுகிறது.

செலவு உண்மையிலேயே சின்னதில்லை. சாதாரண அக்ரிலிக் செட்டே சில ஆயிரங்களில் தொடங்குகிறது. எலும்பில் திருகு வைத்துக் கட்டும் இம்பிளான்ட் என்றால் லட்சத்தைத் தொடும். முதியோர் உதவித்தொகையாக மாதம் 1,200 ரூபாய் வாங்குகிற ஒருவர் இதை நினைத்துப் பார்ப்பதே கடினம். தனியார் மருத்துவக் காப்பீட்டில் விபத்தில் போன பல்லுக்குத்தான் பெரும்பாலும் பணம் கிடைக்கும். 70 வயது தாண்டியவர்களுக்கு 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் பாரத் அட்டையில் ஐந்து லட்சம் வரை வழி உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில் படுத்துச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. பல்செட்டுக்கு யாரும் படுக்க வேண்டியதில்லை. அதனாலேயே அது கணக்கில் வராமல் போகிறது.

இதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பிரிட்டனில் 1948-இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அத்தனை காலம் பல்லில்லாமல் காத்திருந்தவர்கள் அவர்கள். செலவு தாங்காமல் 1951-இல் அவற்றுக்குக் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது, அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் மந்திரி பதவியையே விட்டு விலகினார். அவருக்கு அது அவ்வளவு பெரிய விஷயமாகப் பட்டிருக்கிறது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறங்கினால் கேரளம். அங்கே வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 60 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பல்செட் கட்டிக்கொடுக்க 'மந்தஹாசம்' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் 'தந்த பாக்கிய' திட்டம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 ஏப்ரல் 1 அன்று நெல்லூரில் தொடங்கியது. ஊன்றுகோல், சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி ஆகியவற்றோடு பல்செட்டும் அதன் பட்டியலில் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பவர்கள் அல்லது மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாத முதியவர்கள் அதற்குத் தகுதியானவர்கள். முகாம் எப்போது என்று கலெக்டர் ஆபீசில் சமூக நலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர்கள் பெருகினால்தான் முகாம்களும் பெருகும்.

நெல்லைக்காரர்களுக்கு இது புதிதல்ல. கண்ணுக்கு இதைச் செய்து காட்டிய ஊர் இது. அரவிந்த் கண் மருத்துவமனை இங்கே 1988-இல் வந்தது. கிராமம் கிராமமாக முகாம் போட்டு, புரை விழுந்தவர்களை வேனில் ஏற்றி வந்து, ஆபரேஷன் முடித்து வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். உள்ளே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஆனைவிலை விற்றபோது, 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கித் தாங்களே செய்து விலையைச் சரித்தார்கள். இன்று கண்ணில் புரை என்றால், இந்த வயசில் எதுக்கு என்று எந்த ஆச்சியும் சொல்வதில்லை. பல்லுக்கும் அந்த நிலை வர வேண்டும். மாவட்டத்தில் உள்ள பல் மருத்துவர்களும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களும் சேர்ந்தால் ஒரு தாலுகாவிலாவது தொடங்கலாம். அப்படி யாராவது முன்வந்தால் இடமும் விளம்பரமும் தர நம் இதழ் தயார்.

செட் கட்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அளவெடுப்பது, கடி பார்ப்பது, மெழுகில் வைத்துப் பார்ப்பது என்று நாலைந்து நடை ஆகும். சந்தையில் உட்கார்ந்து அன்றைக்கே கட்டித் தருகிறேன் என்பவரிடம் போய் ஈறைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். முதல் சில வாரம் உறுத்தும், கீழ்ச்செட்டு ஆடும். இது சரிவராது என்று கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறவர்கள் பலர். மறுபடி டாக்டரிடம் போய் உறுத்தும் இடத்தை ராவி வாங்குங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் வேண்டாம், வளைந்துவிடும். சில வருடத்தில் தாடை எலும்பு தேய்ந்து செட் தொளதொளக்கும். அப்போது அடியைச் சரிசெய்து தருவார்கள், புதிதே வாங்க வேண்டும் என்பதில்லை.

ஏற்கெனவே பல் கட்டியிருக்கும் வாசகர்கள், முதல் மாத அனுபவத்தையும் எவ்வளவு செலவானது என்பதையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். முக்கூடல் ஆச்சிக்கு ஒரு பிரதி தபாலில் போகும்.

அன்புடன்,
ஆசிரியர்