எண்ணாத மாடு

1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கு வந்த ஆடுகளோடு மாட்டு வெக்கைநோய் இலங்கைக்குள் மீண்டும் புகுந்தது. 1994க்குப் பின் இங்கு காணப்படவில்லை. 2011இல் உலகிலேயே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது.

எல்லா மாட்டையும் சோதிக்காமல் இதை எப்படிச் சொல்வது? 100 மாட்டில் ஒன்றுக்கேனும் நோய் இருந்தால், சீட்டுக் குலுக்கித் தெரிந்த 300 மாடுகளில் ஒன்றாவது அகப்பட 95 வீத வாய்ப்புண்டு. ஒன்றும் அகப்படாவிட்டால், நோய் அதற்கும் குறைவென நம்பலாம். கால்–வாய் நோய்க்கும் இதே வழிதான்.

ஆனால் வீதியோரத்து நல்ல மாடுகளையே பிடித்துக் கொடுத்தால் கணக்குப் பொய்க்கும். இடம்பெயர்ந்த நமது பட்டிகளும், காட்டிலும் கட்டுக்கரைக் குளத்தடியிலும் மேயும் மாடுகளும் குலுக்கலில் சேரவேண்டும். அவற்றைப் பதிவது அதிகாரிகளின் கடமை. நோயுற்றதை ஒளிக்காதிருப்பது நமது கடமை. ஒளித்த ஒரு மாடு ஊர்ப் பட்டிகளையே அழிக்கும்.