ஈகியர் ஆண்டில் ஓர் ஏமாற்றுக் காதல்

கலை, மக்களின் நினைவைக் காக்கும் கருவூலம். அதனைக் கொள்ளையிடும் கன்னக்கோல் அன்று. இதனை மறந்தார் எய்தும் இழிவுக்கு, தென்கொரியாவின் சேதிபிசி தொலைக்காட்சி 2021 திசம்பர் 18-இல் தொடங்கி 16 பகுதிகளாக ஒளிபரப்பிய 'சினோடிராப்' என்னும் காதல் தொடரே சான்று.

கதை நிகழும் ஆண்டு 1987. சியோல் நகரத்து மகளிர் பல்கலைக்கழக விடுதி ஒன்றினுள் குருதி ஒழுக ஓர் இளைஞன் புகுகின்றான். மக்களாட்சிக்குப் போராடும் மாணவன் என நம்பி, அவனை ஒருத்தி மறைத்துக் காக்கின்றாள், காதலும் கொள்கின்றாள். அவனோ வடகொரிய ஒற்றன்! அவனும் அவன் கூட்டத்தாரும் பின்னர் அவ்விடுதிப் பெண்களையே துமுக்கி முனையில் பிணையாளராய் அடைத்து வைக்கின்றனர். இந்நிலையிலும் அவ்விருவர் காதலுக்காக நாம் உருக வேண்டுமாம்!

1987 எத்தகைய ஆண்டு? சனவரி 14-இல் மொழியியல் மாணவர் பாக்கு சோங்-சொல், காவலரின் கொடுந்துன்புறுத்தலால் உயிர் நீத்தார். மேசையைத் தட்டிய அளவில் சரிந்து வீழ்ந்தார் எனக் காவல்துறை புளுகிற்று. சூன் 9-இல் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் தாக்கிய மாணவர் இ கான்-யோல், சூலை 5-இல் மறைந்தார். இவ்வீகங்களே மக்களைத் தெருவுக்கு அழைத்தன; குடியரசுத் தலைவரை நேரில் தேர்ந்தெடுக்கும் உரிமையை மீட்டுத் தந்தன.

கொரியப் படையாட்சியரின் கைக்கருவி யாது? எதிர்ப்போர்க்கெல்லாம் 'வடக்கின் கையாள்' எனப் பட்டம் கட்டுதல்! அத்தகு பழி சுமத்தி 1975 ஏப்பிரல் 9-இல் 8 பேரைத் தூக்கிலிட்டனர். அவர்கள் குற்றமற்றோர் என முறைமன்றம் கூறியதோ 2007-இல்! அந்தப் பழிக்கே இத்தொடர் காதற்சாயம் பூசிற்று.

அன்றைய ஆட்சியரின் சூழ்ச்சியையே தொடர் சாடுகின்றது என்றனர் நிலையத்தார். சாடட்டும். ஆனால், மாணவன் என நம்பப்பட்டவன் மெய்யாகவே ஒற்றனாயின், அவனைத் துரத்திய உளவுத்துறையன்றோ நேர்மையுடையதாகத் தோன்றும்?

"வெறும் புனைவுதானே!" என்பர் பரிந்து பேசுவோர். தமிழரின் அகத்திணை மரபு காதலரின் பெயரைச் சுட்டாது. அதனால் அக்காதல் எல்லார்க்கும் பொது. பெயரும் ஊரும் ஆண்டும் சுட்டப்படும் பொழுதே பாட்டு புறத்திணையாகிவிடும். 1987 எனச் சுட்டிய பின்னர், அவ்வாண்டின் மெய்ம்மைக்குக் கட்டுப்படுவதே முறை. உரிமை மட்டும் வேண்டும், பொறுப்பு வேண்டா என்பது கலையன்று, கடை வாணிகம்.

கொரிய மக்கள் வாளா இருந்தாரல்லர். ஒளிபரப்பை நிறுத்தக் கோரிய முறையீட்டில் 2,00,000-க்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். பொருளுதவிய நிறுவனங்கள் பல விலகின. தடை கோரிய வழக்கை மட்டும் முறைமன்றம் தள்ளிற்று. அதுவும் நன்றே! வாய்ப்பூட்டுச் சட்டங்களை எதிர்த்து மாண்டவர்க்கு இன்னொரு வாய்ப்பூட்டு பெருமை சேர்க்காது. மக்களின் புறக்கணிப்பே தக்க தீர்ப்பு. நாடளாவிய கணக்கில் எப்பகுதியும் 5 விழுக்காட்டை எட்டவில்லை.

விடுதலைக்கு விலையாய்ச் சிந்திய குருதி, விற்பனைக்கு வைத்த முகங்களுக்குப் பூச்சு ஆகாது. காதலைப் பாடுக, ஈகியரின் கல்லறையை அதற்கு மேடையாக்கற்க! கொரியர் தந்த இப்படிப்பினை, வரலாறுடைய இனங்கள் அனைத்திற்கும் உரியது.